முதலாளி மாறினால் உங்கள் பி.எஃப். என்னவாகும்?



செம்பரம்பாக்கம் ஏரிப்பக்கம் பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவு கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். நாற்பதடி கன்டெய்னரோடு டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். பெட்டிக் கதவில் சீல் அடித்திருப்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்பது பல நேரம் டிரைவருக்கே தெரியாது. போர்ட்டுக்கு நேரத்தில் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் அவர் கவலை.

துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குவதையே தொழிலாகக் கொண்ட ஒரு பழைய சென்னைக் கம்பெனியின் கதையை இந்த மாதம் சொல்ல நினைக்கிறேன். சிகால். 1955-ல், சவுத் இந்தியா கார்ப்பரேஷன் ஏஜென்சீஸ் என்ற பெயரில், எம்.ஏ. சிதம்பரம் குழுமத்தில் தொடங்கியது. ஆம், சேப்பாக்கம் மைதானத்துக்குப் பெயர் தந்த அதே சிதம்பரம்தான்.

அந்தக் காலத்தில் துறைமுக வேலை என்றால் மூட்டையும் கொக்கியும்தான். 1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது. நூறு பேர் தோளில் சுமந்ததை ஒரு கிரேன் தூக்க ஆரம்பித்தது. காலத்துக்கு ஏற்ப சிகாலும் மாறியது. 1990-களின் கடைசியில் சிங்கப்பூரின் பி.எஸ்.ஏ. நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து தூத்துக்குடியில் கன்டெய்னர் முனையம் அமைத்தது.

அடுத்து நடந்ததுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. கர்நாடகத்து இரும்புத் தாதுவைக் கப்பலேற்றுவதற்காக எண்ணூரில் தனி முனையம் கட்டினார்கள். 2010-ல் கர்நாடக அரசு தாது ஏற்றுமதிக்குத் தடை போட்டது. மறு வருடம் பெல்லாரியில் சுரங்க வேலையையே உச்ச நீதிமன்றம் நிறுத்திவிட்டது. முனையம் தயார், ஏற்றத் தாது இல்லை! பெங்களூரில் போட்ட ஓர் உத்தரவு எண்ணூரில் கட்டியதைச் சும்மா கிடக்க வைத்துவிட்டது. வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் நிற்குமா?

2011-ல் கம்பெனி காபி டே குழுமத்தின் கைக்குப் போனது. 2019-ல் அந்தக் குழுமத்தின் தலைவர் சித்தார்த்தாவின் மரணம் நாட்டையே உலுக்கியது. 2021-ல் சிகால் திவால் நடவடிக்கைக்குள் வந்தது. பிறகு பிரிஸ்டின் மால்வா என்ற நிறுவனம் எடுத்துக்கொண்டது. இத்தனைக்கும் நடுவே சிகால் என்ற பெயர் மாறவில்லை.

பேப்பரில் இதெல்லாம் வியாபாரப் பக்கத்துச் செய்தி. நம் வீடுகளில் அப்படியா? டிரெய்லர் ஓட்டும் அண்ணன், குடோனில் பில் போடும் தங்கை, கேட்டில் செக்யூரிட்டியாக நிற்கும் மாமா என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் சரக்கை நம்பித்தான் இருக்கின்றன. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சம்பளம் பத்து நாள் தள்ளிப்போனால் வண்டி டியூவும் ஸ்கூல் ஃபீஸும் காத்திருக்காது.

அதனால்தான் உரிமையோடு கேட்கிறேன். உங்கள் பி.எஃப். பாஸ்புக்கைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? உமங் ஆப்பில் இரண்டு நிமிட வேலை. சம்பள ரசீதில் பிடித்த தொகை கணக்கில் ஏறியிருக்கிறதா என்று மாதாமாதம் பாருங்கள். நீங்கள் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும், உங்களை வேலைக்கு வைத்திருக்கும் பிரதான கம்பெனிக்கும் அதில் பொறுப்பு உண்டு. தயங்காமல் கேளுங்கள்.

கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போய்விட்டால் பயந்து ஒதுங்க வேண்டாம். பாக்கிச் சம்பளத்துக்குத் தொழிலாளர்கள் தாக்கல் செய்யவே 'படிவம் டி' என்று ஒன்று இருக்கிறது. அறிவிப்பில் சொன்ன தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். கம்பெனியையே கலைத்தாலும் பி.எஃப்., கிராஜுவிட்டி நிதிகளில் கடன்காரர்கள் கை வைக்க முடியாது. தொழிலாளர்களின் கடைசி 24 மாதச் சம்பள பாக்கிக்கு, அடமானம் பிடித்த வங்கிகளுக்குச் சமமான இடத்தைச் சட்டம் தருகிறது. ஆனால் கேட்பதற்குக் கையில் காகிதம் வேண்டும். வேலைக்குச் சேர்ந்த கடிதம், சம்பள ரசீது, அடையாள அட்டை மூன்றையும் ரேஷன் கார்டு வைக்கும் அதே பையில் வையுங்கள்.

கொக்கி பிடித்த காலத்துத் துறைமுகத் தொழிலாளர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் சொல்லும் கதைகளை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அவர்களுக்கென்றே பக்கங்கள் ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்