கார்டு ஒண்ணு... கேள்வி வேற வேற!

நம்ம க்ளாஸ்ல ஒரு மச்சான். பேரு வேணாம், கோச்சுக்குவான். வலது கால் பிறவியிலேயே கொஞ்சம் மக்கர். ஆனா, கேன்டீன் பஜ்ஜிக்கு முதல் ஆள் அவன்தான்! கையில மாற்றுத்திறனாளி அடையாள அட்டை உண்டு. 45 சதவீதம்.

ஃபர்ஸ்ட் இயர்ல மாதாந்திர உதவித்தொகைக்கு மனு கொடுத்தான். 'உங்கப்பா சம்பளத்துக்கு இதெல்லாம் வராது தம்பி'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அன்னிக்கே கார்டு பீரோவுக்குள்ள போயிடுச்சு. போன வருஷம் அரசுக் கல்லூரிக்கு எம்.எஸ்ஸி. அப்ளிகேஷன் போட்டப்ப, 'மாற்றுத்திறனாளியா?'ங்கற கட்டத்தைக் காலியா விட்டுட்டான். ஸீட் கிடைக்கலை.

இங்கதான் ஃப்ரெண்ட்ஸ், நம்மில் பலர் சறுக்குறோம். கார்டு ஒண்ணுதான். ஆனா, ஒவ்வொரு திட்டமும் அதைப் பாத்துக் கேக்குற கேள்வி வேற.

உதவித்தொகை கேக்குறது, 'வீட்டுல கஷ்டமா?' உதாரணத்துக்கு, 2009-ல் மத்திய அரசு கொண்டுவந்த இந்திரா காந்தி ஓய்வூதியத் திட்டம். 80 சதவீதக் குறைபாடும் இருக்கணும், வறுமைக் கோட்டுக்குக் கீழேயும் இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் இல்லை.

ரயில் சலுகைக்குச் சதவீதம் மட்டும் போதாது. கால் குறைபாடுன்னா, 'துணைக்கு ஆள் இல்லாமப் பயணம் பண்ண முடியாதா?'ன்னு கேப்பாங்க. முடியும்னா சலுகை கிடையாது.

ஸ்காலர்ஷிப்? மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் திட்டத்துக்கு 40 சதவீதம் போதும். ஆனா, பெற்றோர் வருமானத்துக்கு வரம்பு உண்டு.

இட ஒதுக்கீடு கதையே தனி. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்கள்ல குறைஞ்சது 5 சதவீத இடம். வயசு வரம்புல 5 வருஷம் தளர்வு. அரசு வேலையில 4 சதவீதம் (1995 சட்டத்துல இது 3). எந்தெந்தப் பணியிடம்னு அடையாளம் கண்டு வெச்சிருப்பாங்க, அதை மட்டும் நோட்டிஃபிகேஷன்ல பாத்துக்கணும். தகுதி? 40 சதவீதம். அந்தச் சட்டம் கொடுக்குற இந்த ஒதுக்கீட்டுக்கு அப்பாவோட சம்பளச் சீட்டு தேவையில்லை. ஏன்னா இது ஏழ்மைக்குக் கொடுக்குற உதவி இல்லை, உரிமை!

பழைய சட்டத்துல 7 வகைக் குறைபாடுதான் இருந்துச்சு. இப்ப 21. டிஸ்லெக்ஸியா மாதிரி கற்றல் குறைபாடு, தலசீமியா, ஹீமோஃபீலியா எல்லாம் லிஸ்ட்ல இருக்கு. 'நமக்கெல்லாம் ஏது கார்டு?'ன்னு ஹாஸ்டல்ல சும்மா இருக்குறவங்க, அரசு மருத்துவமனையில ஒரு தடவை விசாரிச்சுப் பாருங்க. ஒரு கவுன்ட்டர்ல 'இல்லை'ன்னா, எல்லாக் கவுன்ட்டர்லயும் 'இல்லை'ன்னு அர்த்தம் இல்லை.

இந்த வருஷம் அப்ளிகேஷன் நிரப்பும்போது நானும் பக்கத்துல இருந்தேன். பீரோவுலேருந்து கார்டு வெளிய வந்துச்சு. அந்தக் கட்டத்துல டிக் அடிச்சிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தான் மச்சான்.

"இதுக்கு அப்பா சம்பளம் கேக்கவே இல்லையேடா!"