துணி கட்டிய காய்

பீர்க்கங்காய்ப் பந்தலில் ஒரே ஒரு காயில் மட்டும் கிழிந்த சேலைத் துணியைக் கட்டிவிடும் எங்கள் அப்பத்தா. கொடியின் அடிப்பக்கம் பிடித்த, நல்ல நீளமும் திரட்சியும் உள்ள காயாகப் பார்த்துத்தான் கட்டும். துணி கட்டிய காயை யாரும் பறிக்கக் கூடாது. குழம்புக்குக் காய் இல்லாத நாளிலும், சொல்லாமல் கொள்ளாமல் விருந்தாளி வந்து நிற்கும் நாளிலும் அந்தக் காய் பந்தலில் தொங்கிக்கொண்டே இருக்கும். முற்றி, பழுப்பேறி, உள்ளே விதை கலகலவென்று உருளும்வரை தொங்கும். பிறகு அப்படியே எரவாணத்தில் செருகிவைக்கப்படும். பூசணி விதையும் சுரை விதையும் சாணத்தில் பதிந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். கத்தரி விதை சாம்பலில் புரண்டு சுரைக்குடுக்கைக்குள் போகும். அடுத்த ஆடிவரை அவை அங்கேதான் இருக்கும்.

அந்த வீடு திண்டுக்கல்லுக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் நடுவே, செம்மண் பூமியில் இருக்கிறது. அங்கே பிறந்த நாங்கள் நான்கு பேரும் படித்தோம். மதுரை, கோவை, சென்னை, திருப்பூர் என்று கிளம்பினோம். நாலு பேர் வீட்டிலும் காய்கறி இருக்கிறது. துணி கட்டிய காய் ஒருவர் வீட்டிலும் இல்லை. பக்கத்துத் தெருவிலிருந்து, பக்கத்து ஊரிலிருந்து அதே வயதில் கிளம்பியவர்கள் வீட்டிலும் இதே நிலைதான். அதனால் ‘நாம்’ என்றே எழுதுகிறேன். யாரோ நம்மிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போனதுபோலப் பேசுவது நமக்குப் பழகிவிட்டது. விதைக் கம்பெனி, சூப்பர் மார்க்கெட், அரசாங்கம் என்று காரணம் சொல்கிறோம். வயலைப் பற்றிப் பேசும்போது அந்தக் காரணங்களில் நியாயம் உண்டு. புழக்கடை அப்படியல்ல. அது நம் பொறுப்பில் இருந்தது. யாரும் வந்து எடுத்துப் போகவில்லை. நாம் பார்க்காமல் விட்டோம், அது செத்தது.

நிலத்தைப் பூட்டிவைத்துவிட்டு இருபது வருடம் கழித்துத் திரும்பினாலும் நிலம் இருக்கும். நகையும் பத்திரமும் இருக்கும். விதை இருக்காது. வெங்காய விதை ஒரு வருடம் தாண்டினாலே தடுமாறும். கத்தரியும் மிளகாயும் நம் ஊர் வெக்கையில் இரண்டு மூன்று வருடம் தாக்குப்பிடித்தால் பெரிது. விதையைக் காப்பாற்ற ஒரே வழி, விதைத்து மறுபடி எடுப்பதுதான். ஒரு ஆடியைத் தவறவிட்டால் அடுத்த ஆடியில் பிடிக்கலாம். தொடர்ந்து நாலு ஆடி தவறினால் அந்தக் கத்தரி அந்த வீட்டில் முடிந்தது. அம்மா இறந்தபின் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு குடுக்கை கிடைத்தது. உள்ளே சாம்பலும் விதையும் அப்படியே இருந்தன. தொட்டியில் நல்ல மண் கலந்து, ஈரம் காயாமல் நாற்பது நாள் பார்த்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. எங்கள் வீட்டு வெள்ளைக் கத்தரி அது. எண்ணெயில் வதங்கும்போது நெய் போலக் குழையும். அதன் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. ‘நம்ம கத்தரி’ என்றுதான் சொல்வோம்.

கடையில் வாங்கிய பாக்கெட் விதையில் வந்த பழத்திலிருந்து விதை எடுத்து மறுபடி போட்டால், நான்கு செடி நான்கு விதமாக வருகிறது. வீரிய ஒட்டு ரகங்களின் இயல்பு அது. விளைச்சல் கூடுதலாக இருக்கும், ஆனால் தாய் போலவே பிள்ளை வராது. ஆக ஒவ்வொரு முறையும் வாங்கியே ஆக வேண்டும். விதை எடுக்கிற பழக்கமே கையிலிருந்து போனதற்கு இதுவும் ஒரு காரணம். எந்தப் பழத்தை விட்டுவைப்பது, எப்போது பிளப்பது, எத்தனை நாள் நிழலில் காயவைப்பது என்று தெரிந்த விரல்கள் ஊருக்கு ஊர் குறைந்துகொண்டே வந்தன. நாம் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவில்லை. விடுமுறைக்குப் போனோம், சாப்பிட்டோம், பையில் போட்டுக்கொடுத்த காயை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம்.

கோழி விஷயத்தில் நம் குற்றம் இன்னும் கூடுதல் என்று நினைக்கிறேன். விதைக்காவது தெரியாமல் போனது என்று சொல்லிக்கொள்ளலாம். கோழிக்கு அதுவும் சொல்ல முடியாது.

அம்மா பத்துக் கோழிக்குக் குறையாமல் வைத்திருந்தாள். ஒரு நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்குப் பன்னிரண்டு, பதினைந்து முட்டை இடும். பிறகு இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொர்கொர் என்று ஒரு மூலையில் படுத்துவிடும். அதுதான் அடை. பழைய கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி முட்டைகளை அடுக்குவாள். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று ஒரு இரும்புத் துண்டையும் அடுப்புக்கரியையும் ஓரத்தில் வைப்பாள். ஏழெட்டு நாள் போனதும், இருட்டில் முட்டையை விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்த்து, கரு ஓடாததைத் தனியே எடுத்துவிடுவாள். இருபத்தோராம் நாள் ஓடு விரியும். குஞ்சுகளுக்குத் தீனி வேண்டுமே. முதல் நாள் சாயங்காலமே ஒரு பழைய பானைக்குள் காய்ந்த சாணத்தையும் கிழிந்த சாக்கையும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டமுள்ள இடத்தில் கவிழ்த்து வைப்பாள். விடிந்ததும் பானையைத் திருப்பினால் உள்ளே கரையான் மொய்க்கும். பஞ்சாரத்துக்குப் பக்கத்தில் தட்டிவிட்டால் குஞ்சுகள் நிமிடத்தில் பொறுக்கித் தீர்க்கும். காசு கொடுத்து வாங்காத புரதம் அது. அரிசி புடைத்த குருணை கோழிக்கு, கோழி எச்சம் குப்பைக்குழிக்கு, குப்பை ஆடியில் பந்தல் குழிக்கு, பந்தல் காய் அடுப்படிக்கு, அடுப்படிக் கழிவு மறுபடி கோழிக்கும் மாட்டுக்கும். இதை எந்தப் புத்தகத்திலும் படிக்காத ஒருத்தி தினமும் நடத்திக்கொண்டிருந்தாள்.

அந்தக் கோழிகள் ஒரு கோடையில் போயின. முதலில் ஒன்று தூங்கி வழிந்தது. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தது. கழுத்து திருகிக்கொண்டது. ஒரு வாரத்தில் பஞ்சாரம் காலி. தெருவில் முக்கால்வாசி வீடுகளில் அதுதான் நடந்தது. வெள்ளைக் கழிச்சல் என்று ஊரில் சொல்லும் ராணிக்கெட் நோய். உத்தராகண்ட் மலையில் இருக்கும் ராணிக்கெட் என்ற ஊரின் பெயர் அது. 1920-களின் பிற்பகுதியில் அங்கே கண்டறியப்பட்டதால் இந்தியாவில் அந்தப் பெயரே நிலைத்தது. வந்துவிட்டால் மருந்து இல்லை. ஆனால் வராமல் தடுக்க ஊசி உண்டு. தமிழ்நாடு கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் இரண்டு வார முகாம் நடத்தி இலவசமாகவே போடுகிறது. நாங்கள் செய்தித்தாள் படிக்கிறவர்கள். எங்களில் ஒருவர் அரசு ஊழியர். பொங்கலுக்கு ஊருக்கு வந்து, கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு, ஜனவரி முடிவதற்குள் திரும்பிவிடுவோம். அடுத்த மாதம் ஒரு போன் போட்டு, “அம்மா, கோழிக்கு ஊசி போட்டியா, முகாம் எப்பன்னு கேட்டியா” என்று நாலு பேரில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. அந்த வருடம் மட்டுமல்ல, எந்த வருடமும் கேட்டதில்லை. கோழி போனபின் அம்மா மறுபடி வாங்கவில்லை. “இனிமே எனக்கு எதுக்குப்பா” என்றாள். அதையும் அப்படியே விட்டுவிட்டோம்.

நாமக்கல் முட்டையைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஒரு நாட்டுக்கோழி வருடத்துக்கு அறுபது முட்டை போட்டால் அதிகம். பண்ணைக்கோழி முந்நூறு போடுகிறது. சத்துணவுத் தட்டில் ஏழைக் குழந்தைக்கு முட்டை வந்தது அந்தப் பண்ணைகளால்தான். ஆனால் அத்தனை முட்டை போடுவதற்காக அந்தக் கோழியிடமிருந்து அடைகாக்கும் குணமே நீக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முட்டை தெரியும், குஞ்சு தெரியாது. பஞ்சாரத்தில் இருந்ததற்கு இரண்டும் தெரிந்திருந்தது. நமக்கு இரண்டு கோழியும் தேவைப்பட்டன. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம்.

அடுப்படிக்கு வருகிறேன். எழுதக் கூசுகிற பகுதி இதுதான்.

அம்மிச் சட்னியின் ருசி, ஆட்டுக்கல் மாவின் பதம், உரலில் இடித்த மிளகாய்ப்பொடியின் வாசம் என்று மேடையிலும் பத்திரிகையிலும் உருகுகிறவர்களில் பெரும்பாலோர் என்னைப் போன்ற ஆண்கள். நாங்கள் ஒருநாளும் அம்மியில் கை வைத்ததில்லை. அம்மாவின் வலது தோள் ஐம்பது வயதிலேயே இறங்கிவிட்டது. விடியற்காலையில் நாலு மணிக்கு எழுந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, கோழியைத் திறந்துவிட்டு, அரைத்து, ஆக்கி, வயலுக்குச் சோறு கொண்டுபோன பெண்ணின் உழைப்பைத்தான் ‘பாரம்பரிய உணவு’ என்று பெருமையோடு சொல்கிறோம். வீட்டுக்கு மிக்சி வந்த அன்று அவள் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் பார்த்தேன். அது வந்தது நியாயம். வர வேண்டியது. நாம் தவறியது வேறு இடத்தில். அவளிடமிருந்து வேலையைப் பங்கு வாங்கியிருக்க வேண்டும். வாங்கியிருந்தால் அவள் தோளும் மிஞ்சியிருக்கும், கைப்பக்குவமும் நம்மிடம் வந்திருக்கும். நாம் வேலையையும் வாங்கவில்லை, அறிவையும் வாங்கவில்லை. பிறகு நம் மனைவிமார் மாவுப் பாக்கெட் வாங்கியபோது, “எங்கம்மா எல்லாம்…” என்று ஆரம்பித்தோம். அலுவலகம் போய்விட்டு ஏழு மணிக்கு வீடு திரும்பும் பெண்ணிடம், அரிசியும் உளுந்தும் ஊறவைக்கக்கூட எழுந்திருக்காத நாம் அதைச் சொன்னோம். இதற்கு மன்னிப்புக் கேட்காமல் கத்தரிக்காயைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

சித்திரை வெயிலில் அம்மா தாளிப்பு வடகம் போடுவாள். சின்ன வெங்காயத்தை இடித்து, கடுகு, உளுந்து, சீரகம், வெந்தயம், பூண்டு, கறிவேப்பிலை, மஞ்சள், விளக்கெண்ணெய் எல்லாம் சேர்த்து, உருண்டை பிடித்து, பகலில் காயவைத்து, ராத்திரியில் உடைத்துப் பிசைந்து மறுபடி பிடிப்பாள். பத்து நாளுக்கு மேல் ஆகும். போன சித்திரையில் நாங்கள் நான்கு பேரும் ஒரே அழைப்பில் சேர்ந்து, அந்த அளவை நினைவுகூர முயன்றோம். அக்கா ஒரு அளவு சொன்னாள், தம்பி வேறு சொன்னான். மூன்றாம் நாள் உருண்டையில் பூஞ்சை பிடித்தது. எதை விட்டோம் என்று இன்றுவரை தெரியவில்லை.

நமக்கு வாய்ப்பு வரவில்லை என்றும் சொல்ல முடியாது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, சந்தைகள் மூடி, கோயம்பேடே ஸ்தம்பித்தபோது நாம் எல்லோரும் மாடியைப் பார்த்தோம். பைகள் வாங்கினோம், தென்னைநார்க் கழிவு வாங்கினோம், வெந்தயக்கீரை ஒரு விரல் உயரம் வந்ததும் படம் எடுத்து அனுப்பினோம். இனி இப்படித்தான் வாழப்போகிறோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது. நான் தை மாதத்தில் அவரை ஊன்றினேன். கொடி மாடி முழுக்கப் படர்ந்தது, ஒரு பூ இல்லை. விதை சரியில்லை என்று பிடுங்கிப் போட்டேன். பகல் குறுகி, பனி இறங்கினால்தான் நாட்டு அவரை பூக்கும். ஆடியில் ஊன்றினால் கார்த்திகை, மார்கழியில் கொத்துக்கொத்தாகக் காய்க்கும் என்பது அப்பத்தாவுக்குச் சுவாசம் மாதிரி தெரிந்த விஷயம். அலுவலகங்கள் திறந்தன. ஓரிரு வருடத்தில் பைகள் வெயிலில் பொடிந்து மண் சிதறியது. பெருக்கித் தள்ளினோம்.

இடமில்லை என்பதும் பாதிதான் உண்மை. அடுக்குமாடியில் இருப்பவர்களை விட்டுவிடுகிறேன். தனி வீடு கட்டிய நாம் என்ன செய்தோம்? சுற்றுச்சுவர்வரை சிமென்ட் போட்டோம். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி ஏறுகிறது என்று முருங்கையை வெட்டினோம். ஒரு போத்தை வெட்டி நட்டால் தானாக வளரும் மரம் அது. இப்போது அதே இலையைப் பொடியாக டப்பாவில் வாங்குகிறோம்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் ஒரு ஏற்பாடு இருந்தது. 2 கிலோ பாரம்பரிய விதைநெல் வாங்குகிறவர், விளைந்ததும் அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அப்படித்தான் 150-க்கும் மேற்பட்ட ரகங்கள் மறுபடி வயலுக்குப் போயின. 2018-ல் அவர் இறக்கும்வரை அதையே செய்துகொண்டிருந்தார். இயற்கை விவசாயத்துக்காக ஊர் ஊராகப் பேசிய நம்மாழ்வார் 2013 டிசம்பரில், டெல்டாவில் மீத்தேன் திட்டத்தை எதிர்த்துப் பேசப் போன இடத்தில் இறந்தார். இரண்டு பேருக்கும் நாம் உருக்கமாக அஞ்சலி எழுதினோம். விதைத் திருவிழாக்களுக்குப் போய் விரல் நீளப் பொட்டலங்களில் தக்காளி, வெண்டை, கத்தரி விதை வாங்கிவந்தோம். என் அலமாரியில் இப்போது பதினோரு விதைப் பொட்டலம் இருக்கிறது. தேதி போட்டிருக்கிறது. பழையது ஆறு வருடம். இன்னொருவர் கையில் போயிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய விதைகள் அவை.

சித்தி இன்னும் ஊரில்தான் இருக்கிறாள். எழுபது தாண்டிவிட்டது. அவள் புழக்கடையில் மட்டும் இப்போதும் பந்தல் உண்டு, பஞ்சாரம் உண்டு. சென்ற மாதம் போயிருந்தேன். பந்தக்காலில் காய்ந்த பீர்க்கங்காய் ஒன்று தொங்கியது, காம்பில் சிவப்புத் துணியோடு. விதை கேட்டேன்.

“போன வருசம் ஒரு கை நிறையக் குடுத்தேனேப்பா, அவரையும் சேத்து. அது என்னாச்சு?”

பதினோரு பொட்டலத்தில் அவள் கொடுத்ததும் ஒன்று. அதைச் சொன்னேன். சித்தி திட்டவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு காயை இறக்கி உடைத்து, முறத்தில் கொட்டி, ஒவ்வொன்றாகப் பார்த்து, ஏழே ஏழு விதையை எடுத்துத் தாளில் மடித்துக் கொடுத்தாள். மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“முளைச்சதும் போன் பண்ணு. அப்புறம் தாரேன்.”

ஆடி பிறக்க இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது.