திண்ணையும் மன்றமும்

வாக்குச் சாவடியில் விரலில் மை வைத்துக்கொண்ட அன்றே நம் கடமை தீர்ந்துவிட்டது என்று எண்ணுகிறவர்களோடு நாம் வழக்காட விரும்புகிறோம். அவர்கள் வேற்றவர் அல்லர். நம் வீட்டினர், நம் மஹல்லாவினர். பல்லாண்டு நாமும் அவ்வாறே இருந்தோம். ஆகவே இது பிறர்மேல் எறியும் கல் அன்று. நம் தலையிலும் விழத்தக்க கல்.

நாம் வாழும் தெருவில் கழிவுநீர் வாய்க்கால் ஒன்று உண்டு. மழை பெய்தால் வாய்க்கால் எது, தெரு எது என்று தெரியாது. சுபுஹுத் தொழுகைக்கு வரும் முதியவர்கள் கைலியை முழங்கால்வரை உயர்த்திப் பிடித்து, சுவரைத் தடவித் தடவி வந்து சேர்வார்கள். மூன்று மழைக்காலம் இப்படிக் கழிந்தது. குறை கூறாத வாய் இல்லை. தேநீர்க் கடையில் கூறினோம், ஹவுளருகே கூறினோம், நிக்காஹ் விருந்திலும் கூறினோம். ஒவ்வொருவராக நகர்மன்ற உறுப்பினரின் வீட்டுத் திண்ணைக்கும் சென்றோம். அவர் முகங்கோணாது வரவேற்றார். "பார்த்துக்கலாம் பாய்" என்றார். வாய்க்கால் கிடந்தபடியே கிடந்தது.

பின்னர், நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணம் செலுத்தி ஒரு மனு அனுப்பினார். இந்த வாய்க்கால் பற்றி மூன்றாண்டுகளில் மன்றத்தில் எத்தனை முறை பேசப்பட்டது, என்ன தீர்மானம் நிறைவேறியது என்று கேட்டார். சட்டம் விதித்த 30 நாளுக்குள் பதில் வந்தது: இப்பொருள் குறித்துப் பதிவு ஏதும் இல்லை.

அதைப் படித்தபோது நமக்குச் சினம் வந்தது. உறுப்பினர்மேல் வந்ததைவிட நம்மேல் வந்ததே மிகுதி. மூன்றாண்டு நாம் முறையீடு என்று எண்ணியிருந்தது வெறும் புலம்பல். திண்ணையில் கேட்பது சலுகை. மன்றத்தில் கேட்பது உரிமை. சலுகை கொடுப்பவரின் நினைவில் இருக்கும். அவர் மறந்தால் அதுவும் மாயும். உரிமையோ ஏட்டில் ஏறும். ஆள் மாறினாலும் எழுத்து நிற்கும். அதுமட்டுமோ? திண்ணைக்குத் தனித்தனியே செல்பவர்கள் ஒருவரை ஒருவர் முந்தவே பார்ப்பார்கள். தம் வாசலில் மட்டும் ஒரு வண்டி மண் கொட்டும்படி கேட்டுப் பெற்றவர் ஒருவரை நாம் அறிவோம். அவர் வாசலில் நிற்காத நீர், அடுத்த வீட்டுக் கைம்பெண்ணின் அடுப்படியில் போய் நின்றது.

நகரத்தாருக்குப் பேச இடமில்லாதிருந்தது உண்மையே. 1992இல் நிறைவேறி 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் கிராமத்தாருக்குக் கிராம சபையைத் தந்தது. அதனோடு பிறந்த 74ஆம் திருத்தமோ, 3 இலட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றதோடு நின்றது. குடிமகன் எழுந்து பேசும் சபை எதையும் அது நகருக்குத் தரவில்லை. மன்றத்தில் பேசுபவர் உறுப்பினர். நாம் அமர்ந்து காணும் பார்வையாளர். தமிழகத்தில் அந்த மன்றமும் 2016 அக்டோபரில் கலைந்தபின், 2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் நடக்கும்வரை இல்லை. அதிகாரிகளே நகரங்களை நடத்தினர்.

தேர்தலுக்குப்பின் அவ்வாண்டிலேயே பகுதி சபைகளுக்கு விதிகள் வந்தன. நவம்பர் 1 அன்று சபைகள் கூடின. தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில் முதலமைச்சரே வந்து அமர்ந்தார். ஒரு வார்டு பல பகுதிகளாகப் பிரிக்கப்படும். ஒரு பகுதியின் வாக்காளர் அனைவரும் அதன் சபையினர். இதுவே ஏற்பாடு.

இதில் குறையில்லை என்று நாம் சாதிக்கவில்லை. பகுதியின் பிரதிநிதி மக்கள் தேர்ந்தவர் அல்லர், மன்றம் நியமித்தவர். நியமித்தவர் முகம் நோக்கிப் பேசும் நா நம் தெருவுக்காக எவ்வளவு தூரம் நீளும்? இது மாறவேண்டும். ஆயின் கதவு பாதியே திறந்திருக்கிறது என்று வாசலில் நின்று குறை கூறுபவர், அந்தப் பாதி வழியாக நுழைந்து மறுபாதியைத் தள்ளலாகாதா?

நாம் முதன்முதல் சென்ற பகுதி சபைக்கு வந்தோர் 14 பேர். அலுவலர் எதையோ வாசித்தார். கையொப்பம் வாங்கக் குறிப்பேடு சுற்றிவந்தது. கலையும் நேரத்தில் அந்தக் கைம்பெண் எழுந்தார். "என் அடுப்படியில தண்ணி நிக்குது. இத எழுதிக்கிட்டீங்களா? எழுதினத வாசிச்சுக் காட்டுங்க" என்றார். அலுவலர் எழுதினார், வாசித்தும் காட்டினார். மதரஸாவில் முப்பதாண்டு கிதாபு நடத்திய நமக்குத் தோன்றாத கேள்வி அது.

இனி, நம்மிடையே வழங்கும் மறுப்புகளைப் பார்ப்போம். 'ஜமாஅத் தலைவர் நமக்காகப் பேசுவார்' என்பர் சிலர். பள்ளிவாசலையும் மையவாடியையும் காக்கும் பொறுப்பு அவருடையது. உங்கள் வீட்டுக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? மேலும், வாய்க்கால் மஹல்லா எல்லையில் நிற்பதில்லை. நம் தெருவைக் கடந்து மாற்று மதத்து அண்டை வீட்டார் தெருவிலும் ஓடுகிறது. அவர்களோடு சேர்ந்து கேட்க வேண்டியதை நாம் மட்டும் தனித்துக் கேட்பது அறிவுடைமை ஆகாது.

'பெண்கள் அங்கே போவதா?' என்பர் வேறு சிலர். தண்ணீருக்கு விழித்திருப்பவர் யார்? குப்பை வண்டிக்குக் காத்திருப்பவர் யார்? கொசுக்கடியில் பிள்ளையை மடியில் போட்டு விசிறுபவர் யார்? அறிந்தவரை வீட்டில் இருத்திவிட்டு, அறியாதவர் போய்ப் பேசுவது எந்த நியாயம்? 2022 தேர்தலில் நகர்மன்ற இடங்களில் பாதி பெண்களுக்கே ஒதுக்கப்பட்டது. உறுப்பினர் நாற்காலியில் பெண் அமரலாம், எதிரே அமர்ந்து கேட்கமட்டும் கூடாதா?

ஷூரா என்ற அரபுச் சொல்லை மாணவருக்கு விளக்கும்போது, தேன்கூட்டிலிருந்து தேனை எடுத்தலைக் குறிக்கும் வினையோடு அதற்குள்ள உறவைக் காட்டுவது ஆசிரியர் வழக்கம். ஒரு பூவில் கூடு நிறையும் தேன் இல்லை. பல பூக்களில் திரண்டதே தேன். பலர் வாயிலிருந்து திரட்டப்படும் கருத்தே ஆலோசனை. நாம் பிறந்த தமிழ் மண்ணுக்கும் இது புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஊரை 30 குடும்புகளாகப் பிரித்துக் குடவோலையால் உறுப்பினரைத் தேர்ந்ததைக் கூறுகின்றன. பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வுபெறத் தகுதியற்றவர் என்றும் விதிக்கின்றன. ஆயினும் அச்சபையில் நிலமும் கல்வியும் உடைய அந்தணருக்கே இடம். இன்று அவ்வேலி இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். அன்று வேலிக்கு வெளியே நின்றவரின் வழித்தோன்றல்கள், இன்று வேலி இல்லாதபோதும் வெளியிலேயே நிற்பது என்ன விந்தை!

ஆகவே நாம் வேண்டுவது இது. உங்கள் வார்டு எது, பகுதி எது, அடுத்த சபை எந்நாள் என்று நகராட்சி அலுவலகத்தில் கேட்டறியுங்கள். நாள் சொல்ல மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரே கோரிக்கையைக் கொண்டு செல்லுங்கள். பத்தைக் கூறினால் ஒன்றும் நிற்காது. அதை இரு படிகளில் எழுதி, ஒரு படியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். நடவடிக்கைக் குறிப்பில் அது ஏறியதா என்று எழுந்து கேளுங்கள். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அதற்கு முன்னரே வரவு செலவுத் திட்டம் உருவாகிவிடும். பணம் பங்கிடப்பட்ட பின் எழும் குரல் பந்தி முடிந்தபின் வந்த விருந்தாளி. எதற்கும் பதில் வாராவிடில் அந்த 10 ரூபாய் மனு இருக்கிறது.

வழியில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று சிறார்க்கு ஓதிக்கொடுக்கும் நாம், அவ்விடையூறு முள்ளாயிருந்தால் குனிந்து எடுக்கிறோம். சாக்கடையாயிருந்தால் கைலியை உயர்த்திக்கொண்டு கடக்கிறோம். இந்தப் பாடத்தைப் பாதியாக நடத்தியதற்கு நாமும் பொறுப்பு.

அந்தக் கைம்பெண் எழுதவைத்த வரியால் வாய்க்கால் பாதித் தூரம் தூர்வாரப்பட்டது. மீதி அப்படியே கிடக்கிறது. அடுத்த சபையில் அதைக் கேட்கப் போகிறோம். இம்முறை 14 பேராகச் செல்ல எண்ணமில்லை.