அடங்குவதா, கட்டுப்படுவதா?



"கட்டுப்பாடு என்றால் என்ன?" என்று வகுப்பில் கேட்டால், "பேசாமல் கை கட்டி உட்காருவது சார்" என்று பதில் வரும். தடுப்பது, அடக்குவது, கட்டுப்படுத்துவது மூன்றும் ஒன்று போலத் தோன்றும். பெரியவர்களே கலந்து கட்டித்தான் பேசுகிறோம்.

காவிரியிடம் கேட்டால் வித்தியாசம் புரியும். 1934ல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையில் 120 அடி வரை தண்ணீர் தேங்கும். தேக்கி வைப்பதோடு நின்றால் அது வெறும் தடை. பயிருக்கு எப்போது, எவ்வளவு என்று கணக்குப் பார்த்துத் திறந்து விடுகிறார்களே, அதுதான் கட்டுப்பாடு. கல்லணை இன்னும் அருமை. கரிகால் சோழன் கட்டியதாகச் சொல்லப்படும் அந்த அணை, தேக்குவதற்காகக் கட்டியதல்ல. பிரித்துக் கொடுப்பதற்காகக் கட்டியது. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பாசனத்துக்கு அனுப்பும். வெள்ளம் மிஞ்சினால் கொள்ளிடத்தில் தள்ளி விடும். ('அணை' என்ற சொல்லையே பாருங்களேன். விளக்கை அணைக்கிறோம், குழந்தையையும் அணைக்கிறோம்!)

2018 ஆகஸ்டில் முக்கொம்பில், கொள்ளிடம் பக்கம் 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. அதுவரை எவ்வளவு நீர் போகலாம் என்று மனிதன் சொன்னான். மதகு போன பிறகு, ஆறு சொன்னது.

கோபமும் இப்படித்தான். பல்லைக் கடித்து உள்ளே தள்ளினால் அது அடக்குவது. சாயங்காலம் தம்பி முதுகில் 'பொத்'தென்று விழும்! கொஞ்ச நேரம் பொறுத்து, யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம், என்ன வருத்தம் என்று சொன்னால், கோபத்துக்கு மதகு வைத்து விட்டீர்கள்.

இன்னொரு சொல் பாக்கி. 'அடக்கமான பிள்ளை' என்று ஆசிரியர்கள் பாராட்டுவோம். எல்லாம் தெரிந்தும் அலட்டிக் கொள்ளாமல் இருப்பது அடக்கம். பயந்து வாயை மூடிக் கொள்வது அடக்கமல்ல, அடங்கிப் போவது. எங்களுக்கே சில சமயம் இந்த இரண்டு பிள்ளைகளையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதில்லை.

ஆகவே, யாராவது உங்களை அடித்தாலோ, தொடக் கூடாத இடத்தில் தொட்டு, "வீட்டில் சொல்லாதே" என்று மிரட்டினாலோ, அந்த ரகசியத்தைக் காப்பாற்றுவது கட்டுப்பாடு ஆகாது. தெரிந்தவரோ, உறவினரோ, ஆசிரியரோ... யாராக இருந்தாலும் சரி. உடனே அம்மா, அப்பாவிடம் சொல்லுங்கள். நம்பும் டீச்சரிடம் சொல்லுங்கள். யாருமே காது கொடுக்கவில்லையென்றால், 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். நடு ராத்திரியிலும் எடுப்பார்கள், காசு கிடையாது.