யார் சார்பில் யார் கையெழுத்து? பேங்க் நெகாரா ஆளுநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டத்தோ ஸ்ரீ அப்துல் ரஷீத் கபூர் அவர்களுக்கு,

லாபு, சிலியாவ், ரந்தாவ், பகாவ் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இன்னும் தங்கியிருக்கும் எங்கள் பெரியவர்களுக்காக இதை எழுதுகிறேன். பால்மரம் சீவியவர்கள், மரம் போய்ச் செம்பனை வந்தபின் உதிரிப்பழம் பொறுக்கியவர்கள். பிள்ளைகள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். போகும்போது தாங்கள் வைத்திருந்த பழைய கைப்பேசியை அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ விட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தக் கைப்பேசிக்குள் நடக்கும் ஒரு சங்கதிதான் என் கவலை.

மின்கட்டணம் கட்ட ஒரு செயலி இருக்கிறது. 'செலுத்து' என்று அழுத்தினால் திரை மாறி வங்கிச் செயலி திறக்கிறது. அங்கே சம்மதம் சொன்னால் பணம் போய், பழைய திரையே திரும்ப வந்துவிடுகிறது. எல்லாம் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குள் ஒரு செயலி தன்னால் செய்ய முடியாத காரியத்தை இன்னொரு செயலியிடம் ஒப்படைத்து முடித்துக்கொண்டிருக்கிறது. இதில் குற்றம் காண ஒன்றுமில்லை. மின்கட்டணச் செயலிக்கு நம் வங்கிக் கடவுச்சொல் தெரியாமலே வேலை நடக்கிறது என்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அழுத்துகிறவர் கண்ணுக்குத் தெரிவது என்ன? ஆங்கிலத்திலோ மலாயிலோ இரண்டு வரி, அதன் கீழே ஒரு பொத்தான். கேட்பது யார், கேட்பது இன்றைக்கு மட்டுமா மாதாமாதமா, எவ்வளவு வரை என்பதையெல்லாம் அந்தத் திரையில் தேடிப் பிடிக்க வேண்டும். தமிழ்ப் பள்ளியில் நாலாம் ஆண்டோடு நின்றுவிட்ட ஒருவர் எதைத் தேடுவார்?

இதன் கெட்ட முகத்தை இந்த நாடு ஏற்கெனவே பார்த்துவிட்டது. 2022 ஏப்ரலில் ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் மலேசியர்களைக் குறிவைத்த ஏழு போலி வலைத்தளங்களை அம்பலப்படுத்தியது. பெரும்பாலானவை வீடு துப்புரவு செய்ய ஆள் அனுப்புவதாகச் சொன்னவை. அவற்றின் செயலியை இறக்கினால், பணம் கட்ட வங்கியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். போலித் திரையில் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கிக்கொள்ளும். கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகளையும் சத்தமில்லாமல் திருடனுக்கு அனுப்பிவிடும். மேபேங்க், சிஐஎம்பி, பப்ளிக் பேங்க், பி.எஸ்.என். உட்பட எட்டு வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்கு அங்கே வலை விரித்திருந்தார்கள். வங்கி குறுஞ்செய்தியில் அனுப்பிய ஒருமுறை எண் வங்கியின் வாடிக்கையாளருக்குத்தான் போய்ச் சேரும் என்ற நம்பிக்கை அதோடு உடைந்தது. பிறகு கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில், செயலியை நிறுவும் ஏபிகே கோப்புகள் வந்தன. தோட்டத்தில் கல்யாணப் பத்திரிகையைத் திறந்து பார்க்காத வீடு உண்டா?

உங்களுக்கு முன்பிருந்த ஆளுநர் டான் ஸ்ரீ நோர் ஷம்சியா அதே ஆண்டு செப்டம்பரில், குறுஞ்செய்தி எண்ணைக் கைவிட்டு உறுதியான முறைக்கு மாறும்படி வங்கிகளுக்குச் சொன்னார். ஒப்புதல் சொல்ல ஒரு கணக்குக்காரருக்கு ஒரே கைப்பேசி, முதல் பதிவுக்குப் பின் ஒரு காத்திருப்பு நேரம் என்று விதிகள் வந்தன. மோசடிக்கு ஆளானவர் உடனே அழைக்க அக்டோபரில் 997 எண் வந்தது. இவையெல்லாம் நல்ல காரியங்கள், நன்றியோடு சொல்கிறேன்.

ஆனால் திருடன் அடுத்த கதவுக்குப் போனான். பார்வை இல்லாதவர்களுக்காக ஆண்ட்ராய்டில் ஓர் அனுமதி உண்டு. அதைப் பெற்ற செயலி மற்றச் செயலிகளின் திரையைப் படித்துச் சொல்லும். பயனர் சார்பில் பொத்தானையும் அழுத்தும். இந்த அனுமதி தீய செயலியின் கைக்குப் போனால் வங்கிச் செயலியைத் திறப்பதும் சம்மதம் சொல்வதும் அதுவேதான். வங்கியின் கணக்கில் எல்லாம் ஒழுங்கு: சரியான கைப்பேசி, சரியான எண், சரியான சம்மதம். 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13, கடைக்கு வெளியிலிருந்து இறக்கிய செயலிகளுக்கு இந்த அனுமதி எளிதில் கிடைக்காதபடி செய்தது. மகன் விட்டுப்போன பழைய கைப்பேசிக்கு அந்தக் காப்பு எப்படி வரும்? சிங்கப்பூரில் ஓசிபிசி வங்கி 2023 ஆகஸ்டில், இத்தகைய அனுமதி பெற்ற வெளிச்செயலி இருந்தால் தன் வங்கிச் செயலியே திறக்காதபடி செய்தது. வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பில் நியாயமும் இருந்தது. வெறும் தடை போட்டால் திரை வாசிப்பானை நம்பி வாழும் பார்வையற்றவரின் கணக்கும் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும்.

கணினித் துறைக்கு இது பழைய வியாதி. நார்ம் ஹார்டி என்ற அமெரிக்க நிரலாளர் 1988-இல் ஒரு சம்பவத்தை எழுதினார். டைம்ஷேர் நிறுவனத்தில் எல்லாரும் பயன்படுத்திய ஒரு மொழிமாற்றி நிரலுக்கு, கணக்கு விவரங்கள் இருந்த அடைவில் எழுதும் உரிமை இருந்தது. பயனர் ஒருவர், பிழைதிருத்தத் தகவலை எழுத வேண்டிய கோப்பு என்று கட்டணக் கணக்குக் கோப்பின் பெயரையே கொடுத்தார். அந்தக் கோப்பைத் தொட அவருக்கு உரிமை கிடையாது, நிரலுக்கு உண்டு. நிரல் சொன்னதைச் செய்தது, கணக்குகள் அழிந்தன. அந்த நிரலைக் குழம்பிப்போன பிரதிநிதி என்றார் ஹார்டி. அதற்கு அதிகாரம் இருந்தது. அந்த நொடியில் யாருடைய அதிகாரத்தை யாருக்காகப் பயன்படுத்துகிறோம் என்பது மட்டும் தெரியவில்லை. துப்புரவுச் செயலியில் தொடங்கி இன்றுவரை நடக்கும் திருட்டுகளில் பல இதே கதையின் மறுபதிப்பு.

தோட்டத்து ஆளுக்கும் இது புதிதல்ல. எங்கள் பாட்டன்மார் கைநாட்டு வைத்தார்கள், எழுதியது தோட்டத்துக் கணக்கரான கிராணி. கங்காணி ஆள்களை அழைத்து வந்தார், முன்பணம் கொடுத்தார், சம்பள நாளில் அதைப் பிடித்துக்கொண்டார். கடைப் பற்றும் அங்கேயே தீர்ந்துபோகும். தன் சார்பில் என்ன எழுதப்பட்டது என்று படித்துப் பார்க்க வழியில்லாத ஒருவரின் சம்மதம்தான் அந்தக் காலம் முழுக்க சம்மதமாக ஓடியது. அந்த அனுபவம் உள்ள நாட்டின் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் 24-ஆம் பிரிவைப் பாருங்கள். தொழிற்சங்கச் சந்தா பிடிக்கத் தொழிலாளியின் எழுத்து வேண்டுகோள் வேண்டும். அவர் சார்பில் மூன்றாம் ஆளுக்குப் பணம் கட்டுவதென்றால் எழுத்து வேண்டுகோளோடு தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநரின் முன் அனுமதியும் வேண்டும். மொத்தப் பிடித்தம் பொதுவாக அந்த மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. சம்பளம் கைக்கு வருமுன் ஒருவர் சார்பில் இன்னொருவர் பணத்தைத் தொடுவதற்கு இத்தனை வேலி. 2012 திருத்தத்துக்குப் பிறகு அதே சம்பளம் வங்கிக் கணக்குக்குப் போகிறது. கணக்குக்குப் போய்விட்டால், ஒரு செயலி மாதாமாதம் எடுத்துக்கொள்ள ஒரு பொத்தான் போதும் என்கிறோம். சட்டம் கட்டிய வேலியை வங்கி வாசலோடு நிறுத்திவிட்டோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். லயத்து வீடுகளில் பெரியவர்களின் வங்கி ரகசிய எண் பேரனுக்குத் தெரியும். சில வீடுகளில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் தெரியும். கண் மங்கியவருக்கு வேறு வழி என்ன? பணம் காணாமல் போனால், நீங்களே எண்ணைக் கொடுத்தீர்கள் என்ற பதில்தான் வருகிறது. உதவியாளரிடம் அளவோடு ஒப்படைக்க முறையான வழியே வைக்காமல், முழுச் சாவியையும் கொடுத்ததற்காக அவரைக் குறை சொல்வது நியாயமாகாது.

இந்தியாவில் அதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவித்த யூபிஐ சர்க்கிள் என்ற கைப்பேசிப் பணம் செலுத்தும் வசதியில், கணக்குக்காரர் ஐந்து பேர்வரை தம் சார்பில் பணம் செலுத்த அனுமதிக்கலாம். ஒவ்வொரு முறையும் அவரே சம்மதம் சொல்வது ஒரு வகை. மாதம் 15,000 ரூபாய் என்ற உச்சவரம்புக்குள் அவர்களே செலுத்திக்கொள்வது இன்னொரு வகை. யாருக்கும் ரகசிய எண்ணைச் சொல்லவேண்டியதில்லை. வேண்டாமென்றால் அந்த ஆளை மட்டும் நீக்கிவிடலாம். நம் டுயிட்நா பணப் பரிமாற்ற முறையில் எல்லா வங்கிகளுக்கும் பொதுவாக இப்படி ஒன்று வேண்டும். அதை நடத்தும் பேநெட் நிறுவனத்தில் பெரிய பங்குதாரர் உங்கள் வங்கிதான், ஆகவே வேறு யாரிடம் போய்க் கேட்பது?

உங்களுக்கே பழக்கமான இன்னொரு முன்மாதிரியும் உண்டு. 2012-இல் முகவர் வங்கி முறைக்குப் பேங்க் நெகாரா விதி வகுத்தது. வங்கிக் கிளை இல்லாத ஊரில் மளிகைக்கடைக்காரர் வங்கியின் சார்பில் பணம் வாங்கலாம், கொடுக்கலாம். ஆனால் வங்கியோடு நேரடியாக இணைந்த கருவி வேண்டும், ரசீது தரவேண்டும், பொறுப்பு வங்கியுடையது. கடைக்காரருக்கு இத்தனை நிபந்தனை போட்ட கை, செயலிக்கும் போடலாமே.

ஒரு செயலி இன்னொன்றின் மூலம் பணத்தைத் தொடும்போது, கேட்பவர் பெயர், தொகை, ஒருமுறையா தொடர்ந்தா, எந்தத் தேதிவரை என்ற நான்கும் பெரிய எழுத்தில் தமிழிலும் வரவேண்டும். படிக்க முடியாதவருக்கு வங்கிச் செயலியே வாசித்துக் காட்டவேண்டும். கொடுத்த ஒப்புதல்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்து, ஒரே அழுத்தில் ரத்தாகவேண்டும். இப்போது ஒன்று வங்கியில் கிடக்கிறது, ஒன்று இ-வாலட்டில், ஒன்று அட்டையில். வேலைவாய்ப்புச் சட்டம் சம்பளப் பிடித்தத்துக்கு வைத்ததுபோல, தொடர் ஒப்புதலுக்கும் ஓர் உச்சவரம்பு வேண்டும். இவை இல்லாத ஒப்புதலில் பணம் போனால், அது வாடிக்கையாளரின் அலட்சியம் என்று வங்கி கைகழுவக்கூடாது.

தமிழ் சேர்ப்பது செலவு என்று வங்கிகள் சொல்லலாம். விளம்பரமும் தீபாவளி வாழ்த்தும் தமிழில் வரும்போது அந்தச் செலவு யாருக்கும் உறுத்தியதில்லை.

ஆளுநர் அவர்களே, செயலிகளுக்கு இடையிலான ஒப்புதல் பற்றி அடுத்த வரைவு விதியை நீங்கள் கருத்துக்கு வெளியிடும்போது தமிழிலும் வெளியிடுங்கள். கருத்துக் கேட்க அதிகாரிகளை ஒரு சம்பள நாளில் பகாவ் பக்கத் தோட்டங்களுக்கு அனுப்பிவையுங்கள். அந்த ஒப்புதல் திரையை அங்குள்ள பெரியவர்கள் கையில் கொடுத்து, அழுத்துமுன் அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டபின் விதியை இறுதி செய்யுங்கள்.

இப்படிக்கு,
தோட்டப்புறத்தில் பிறந்த ஒரு வங்கி வாடிக்கையாளர்