மீன்தொட்டித் தண்ணீரை முழுவதும் கொட்டலாமா?

சென்ற ஞாயிறன்று காலை, எங்கள் அயல்வீட்டுச் சிறுமி அழுத கண்களுடன் வாயிலில் வந்து நின்றாள். கையில் ஒரு கிண்ணம். அதனுள் ஐந்து கப்பி மீன்கள் அசைவற்றுக் கிடந்தன. "மாமா, நேற்றுத்தானே அம்மா தொட்டியை வடிவாய்க் கழுவினவ, ஏன் செத்துப்போச்சுதுகள்?" என்று அவள் கேட்டபோது உடனே விடை கூற எனக்கு நா எழவில்லை. அவ்வீட்டு அம்மையார் துப்புரவிற் பெயர் பெற்றவர். தொட்டியின் நீர் முழுவதையும் கொட்டி, அடியிற் கிடந்த கற்களை வெந்நீரிற் கழுவி, குழாய்த் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, மீன்களை மீண்டும் விட்டிருக்கிறார். அன்போடு செய்த காரியந்தான். அதுவே அம்மீன்களுக்கு யமனாயிற்று.

மீன்கள் தம் செவுள்களின் வழியாக அமோனியா என்னும் நச்சுப்பொருளை ஓயாது வெளியிடுகின்றன. உண்ணாது விட்ட தீனும் கழிவும் அழுகும்போதும் அதுவே உண்டாகின்றது. ஆறு குளங்களில் அது பெருநீரிற் கலந்து போய்விடும்; கண்ணாடித் தொட்டியிலோ அதற்குப் போக்கிடம் ஏது? அங்கே மீன்களைக் காப்பவை கண்ணுக்குத் தெரியாத இருவகைப் பற்றீரியாக்கள். ஒருவகை அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் நஞ்சே. மற்றொரு வகை அதனை நைத்திரேற்றாக மாற்றும். இது அளவுக்கு மேற்படாதவரை மீனை வருத்தாது. இவ்வுயிர்கள் பெரும்பாலும் கல்லிலும் மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலுமே ஒட்டி வாழ்வன. புதிய தொட்டியொன்றில் அவை போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரங்கள் செல்லும். அம்மையாரின் வெந்நீர் பட்டு மடிந்தது இக்காவற்படையே.

ஆயினும் ஓரிரவுக்குள் உயிரை வாங்கியது குளோரீனாகவே இருத்தல் வேண்டும். நமது நன்மைக்கெனக் குழாய்நீரிற் சேர்க்கப்படும் அப்பொருள் மீனின் மெல்லிய செவுள்களைப் புண்ணாக்கும். வாயகன்ற வாளியில் நீரை ஒரு நாள் முழுவதும் திறந்துவைத்தால் அதன் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். இடையிடையே கலக்கிவிடுதல் இன்னும் நன்று. அவசரமாயின், மீன் விற்கும் கடைகளிற் கிடைக்கும் சோடியம் தயோசல்பேற்றுக் கரைசல் உடனே பயன் தரும்; போத்தலிற் குறித்த அளவை மீறலாகாது. சில நாடுகளிற் குளோரீனுக்குப் பதிலாகக் குளோரமீன் சேர்க்கிறார்கள். அது வாளியில் வைத்தாற் போகாது. பிறநாடுகளிற் பேரப்பிள்ளைகளின் மீன்தொட்டிக்குக் காவலிருக்கச் செல்லும் பாட்டிமார் இதனை நினைவில் வைப்பாராக!

இனி, நீரை மாற்றும் முறை. வாரத்துக்கு ஒருமுறை, நாலில் ஒரு பங்கு, அவ்வளவே. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 56 லீற்றர் கொள்ளும். கல்லும் மணலும் கொள்ளும் இடத்தைக் கழித்தால், ஒரு பெரிய வாளி நீரை மாற்றுவது போதும். இறப்பர்க் குழாயொன்றை நீரால் நிரப்பி, ஒரு முனையை மணலின் மேற்பரப்பிலும் மறுமுனையைக் கீழே வாளியிலும் வைத்தால் அடியிலுள்ள அழுக்கு நீரோடு வெளியேறும். வாயால் உறிஞ்சுதல் வேண்டாம். அவ்வாளி நீரிலேயே வடிகட்டியின் பஞ்சை இரண்டு முறை பிழிந்தெடுங்கள், குழாய்க்கடியிற் பிடிக்காதீர்கள். எஞ்சிய நீரைக் கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றுங்கள். நைத்திரேற்று அதற்கு நல்ல பசளை. புதுநீர் தொட்டிநீரின் சூட்டுக்கு ஒத்ததாய் இருக்கவேண்டும். கையை விட்டுப் பார்த்தாலே தெரியும்.

வற்றிய அளவுக்கு ஊற்றிவிட்டு, "மாற்றியாயிற்று" என்பாரும் உளர். ஆவியாவது நீர் மட்டுமே. உப்புக்களும் நைத்திரேற்றும் உள்ளேயே தங்கி நாளுக்குநாள் மிகும்.

"எங்களுடையது கிணற்றுநீர், குளோரீன் பயம் இல்லை" என யாழ்ப்பாணத்து அன்பர்கள் மகிழலாம். கிணற்றுக்கு மருந்திட்ட நாட்களை விட்டால் அது மெய்யே. ஆனாற் குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக் கல். கேத்தலின் அடியிற் படியும் வெள்ளைப் படையே அந்நீரின் வன்மைக்குச் சான்று. கப்பியும் மொலியும் அதிற் செழிக்கும். நம் நாட்டுக்கே உரிய 'செரி பார்ப்' மீனின் கதை வேறு. தெரணியகல அவர்கள் 1929 இல் விஞ்ஞான உலகுக்கு விவரித்த அச்சிவப்பழகி, தென்மேற்கு ஈரவலயத்து நிழலோடைகளின் மென்னீருக்குப் பழகியது. அதனை வளர்ப்போர், மாரியில் திறந்தவெளியிற் பிடித்த மழைநீரைச் சிறிது சிறிதாகக் கலந்து வருதல் நன்று. வன்னீர் பெரும்பாலும் காரத்தன்மை உடையது. காரநீரில் அமோனியாவின் கொடுமையும் கூடும். மேலும், பசளை மிகுதியால் வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அத்தகைய நீரை எத்தனை முறை மாற்றினாலும் தொட்டியில் நைத்திரேற்றுக் குறையாது. விரைந்து வளரும் நீர்ச்செடிகளை நட்டுவைத்தல் ஓரளவு உதவும்.

சிறுமிக்கு வருவோம். என் தொட்டியின் வடிகட்டியிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சை வெட்டி, ஈரம் உலராமல் அவளிடம் கொடுத்து, இரண்டே மீன்களுடன் மீண்டும் தொடங்குமாறு சொல்லி அனுப்பினேன். மாலையில் மதிலுக்கு அப்பாலிருந்து அம்மையாரின் குரல் கேட்டது: "தம்பி, இந்தப் பஞ்சு ஒரே அழுக்காய் இருக்குது; கொஞ்சம் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வைக்கட்டோ?"