எந்தக் கார் அல்ல, யாருடைய கார்?

பழைய கார் வாங்கப்போவதாக வீட்டில் ஒருவர் வாய் திறந்தால் போதும், ஆலோசனைக்குப் பஞ்சமே இருக்காது. மைத்துனர் மாருதி என்பார். அலுவலக நண்பர் ஹூண்டாயை விட்டால் வேறு வண்டியே கிடையாது என்று சத்தியம் செய்வார். தெருமுனை மெக்கானிக் டொயோட்டாவுக்குக் குறைந்து எதையும் பார்க்காதீர்கள் என்பார். மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூவருமே புதுக் கார் வாங்குகிறவரின் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறார்கள்.

ஷோரூமிலிருந்து ஒரே நாளில் வெளியே வரும் இரண்டு வண்டிகளுக்குள் வித்தியாசம் இல்லை. ஏழு வருடம் ஓடிய பிறகு அவை இரண்டு வேறு வண்டிகள். ஒன்று வாரத்துக்கு இரண்டு தடவை கோயிலுக்கும் காய்கறிச் சந்தைக்கும் போய்வந்து, தவறாமல் ஆயில் மாற்றப்பட்டு, நிழலில் நின்றிருக்கும். மற்றது மூன்று கை மாறி, ஒரு விபத்தைப் பார்த்து, மழைக்காலத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்றிருக்கும். பாலிஷ் போட்டபின் இரண்டும் ஒரே மாதிரி பளபளக்கும். எனவே பழைய கார் சந்தையில் முதல் கேள்வி எந்தக் கார் என்பதல்ல, யாருடைய கார் என்பதே.

உரிமையாளர்கள் சொல்வது

இதனால் மாடலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்று அர்த்தமில்லை. நான்கைந்து பேர், அதில் மூட்டுவலியுள்ள ஒரு பாட்டி, இரண்டு பள்ளிப் பைகள், வருடத்துக்கு இரண்டு நீண்ட பயணம்: சராசரிக் குடும்பத்தின் தேவை இதுதான். இந்தத் தேவையோடு கார் வைத்திருப்பவர்களிடம் பேசினால் பாராட்டும் புகாரும் பெரும்பாலும் ஒரே மாதிரி வருகின்றன.

1983-இல் சாலைக்கு வந்து நடுத்தரக் குடும்பங்களைக் காரில் ஏற்றிய மாருதி 800-இன் உற்பத்தி 2014-இல் நின்றது. அதன் இடத்தைப் பிடித்த ஆல்ட்டோ பெட்ரோல் செலவிலும் உதிரிபாக விலையிலும் சிக்கனம். பின்சீட்டில் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்தால் நெருக்கம், நெடுஞ்சாலை வேகத்தில் இரைச்சல் என்பது புகார். வேகன் ஆர் வைத்திருப்பவர்கள், பெரியவர்கள் குனியாமல் ஏறி உட்காரலாம் என்பதை முதலில் சொல்வார்கள். உயரமான வண்டி என்பதால் வேகமாகத் திரும்பும்போதும் பக்கக்காற்றிலும் கொஞ்சம் அசையும் என்பதை அடுத்துச் சொல்வார்கள். ஸ்விஃப்ட் ஓட்டுகிறவருக்குப் பிடித்த கார். பின்னால் உட்காருகிறவருக்கு அவ்வளவு பிடிப்பதில்லை. டிசையரில் பெட்டி படுக்கை வைக்க டிக்கி உண்டு; ஆனால் தெருவில் பார்க்கிறவர்கள் டாக்ஸி என்று கை காட்டுகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே குறைப்படுவார்கள்.

ஹூண்டாய் ஐ10 இலேசான கியருக்கும் ஸ்டீயரிங்குக்கும் பேர் வாங்கியது. நெரிசலில் தினமும் ஓட்டுகிறவர்கள் அதை விட மனமில்லாமல் விற்பார்கள். ஹோண்டா சிட்டியின் பின்சீட் தாராளம். பழைய சிட்டிகள் தாழ்வானவை என்பதால் நம் ஊர் வேகத்தடைகள் ஒவ்வொன்றும் அதற்கு ஒரு சோதனை. 2010-இல் வந்து 2020-இல் நிறுத்தப்பட்ட டொயோட்டா எட்டியோஸ் இடமும் உழைப்பும் நிறைந்தது, அழகு குறைந்தது. கூட்டுக்குடும்பத்தின் கனவான இன்னோவா 2005-லிருந்து ஓடுகிறது. அதன் விலை லேசில் இறங்குவதில்லை. நிறைய வண்டிகள் வாடகைக்கு ஓடி, லட்சக்கணக்கான கிலோமீட்டரைப் பார்த்தவை என்பதையும் மறக்கக்கூடாது.

இந்தப் புகார்களுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. பின்சீட்டில் பாட்டியை உட்கார வைத்தால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும். தெரிந்த குறையோடு குடும்பம் வாழப் பழகிக்கொள்ளும். பணத்தை விழுங்குவது தெரியாத குறை.

கடை மூடிய கம்பெனிகள்

ஜெனரல் மோட்டார்ஸ் 2017-இல் இந்தியாவில் ஷெவர்லே விற்பனையை நிறுத்தியது. சென்னையை அடுத்த மறைமலைநகரிலும் குஜராத்தின் சாணந்திலும் கார் தயாரித்துவந்த ஃபோர்டு, இந்தியச் சந்தைக்கான உற்பத்தியைக் கைவிடுவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. ஃபிகோ, ஈகோஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அதன் ஸ்டீயரிங்கையும் நெடுஞ்சாலைப் பிடிமானத்தையும் இன்றும் மெச்சுகிறார்கள். கம்பெனி விடைபெற்றதால் விலை குறைவாகக் கிடைப்பது வாங்குகிறவருக்கு லாபம்தான். ஆனால் நீங்கள் இருக்கும் ஊரில் அதைப் பார்க்கும் பட்டறை உண்டா? பம்பர், ஹெட்லைட், கண்ணாடி கிடைக்க எத்தனை நாள் ஆகும்? மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றலாகும் மத்திய அரசு ஊழியராக இருந்தால் அடுத்த ஊருக்கும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

எதிர் உதாரணமும் உண்டு. ஃபியட் கார்கள் இந்தியாவில் நின்றுவிட்டன. ஆனால் ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் என்ஜின் ஸ்விஃப்ட், டிசையர், டாடா இண்டிகா விஸ்டா என்று பல வண்டிகளில் ஓடியது. அதைப் பிரித்துப் பழகாத மெக்கானிக் குறைவு. பெயர்ப்பலகை போனாலும் கைப்பழக்கம் மிச்சமிருக்கிறது.

தயாரான வருடம்

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு, ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்களாக ஐந்து இந்தியச் சிறு கார்களை மோதவிட்டுப் பார்த்தது. ஆல்ட்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ ஐந்துக்கும் பெரியவர் பாதுகாப்பில் கிடைத்தது பூஜ்ய நட்சத்திரம். அதன் பிறகு விதிகள் மெதுவாக இறுகின. ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரலிலும், ஓட்டுநருக்கான ஏர்பேக் 2019 ஜூலையிலும் கட்டாயமாயின. முன்சீட்டுப் பயணிக்கான ஏர்பேக் எல்லாப் புதுக் கார்களுக்கும் 2022 தொடக்கத்திலிருந்து வந்தது. ஆக, 2018-இல் வந்த அடிப்படை மாடலுக்கும் 2020-இல் வந்ததற்கும் விலையில் இருக்கும் இடைவெளி இரண்டு வருடத் தேய்மானம் மட்டும் இல்லை. பட்ஜெட் இடித்தால் பெரிய காரின் பழைய அடிப்படை மாடலைவிடச் சிறிய காரின் பிந்தைய மாடல் நல்லது.

2020 ஏப்ரல் 1 இன்னொரு கோடு. அன்றுமுதல் பி.எஸ். 6 மாசு விதி அமலானது. மாருதி டீசலை விட்டே விலகியது. பி.எஸ். 6 டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. வண்டி நீண்ட தூரம் சீரான வேகத்தில் ஓடினால்தான் அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் போகிற குடும்பம் அதை வாங்கினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். மாற்றும் செலவு கையைக் கடிக்கும்.

டீசல் என்றதும் தில்லி நினைவுக்கு வரும். தலைநகர் வட்டாரத்தில் 10 வருடத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் சொன்னது. டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 என்ற வரம்பை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2025-இல் விவகாரம் மறுபடி நீதிமன்றத்துக்கு வந்து உத்தரவுகள் மாறின. அங்கே வாங்குகிறவர் வாங்கும் நாளில் நிலைமை என்ன என்று விசாரிக்க வேண்டும். இந்த வரம்புக்குப் பயந்து விற்கப்படும் வண்டிகள் மலிவாக வெளி மாநிலங்களுக்கு வருகின்றன. அந்த விலையைக் கேட்டு மயங்குவதற்கு முன்னால் கணக்குப் போடுங்கள்: பழைய ஆர்.டி.ஓ.வின் தடையின்மைச் சான்று, புது மாநிலத்தில் மறுபடி சாலை வரி, மறுபதிவு, லாரியில் ஏற்றிவரும் கூலி, அலைச்சல். மலிவு பாதியாகிவிடும்.

அரை நாள் செலவிடுங்கள்

காரைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மழையில் நனைந்த வண்டியிலும் இரவு டியூப்லைட்டிலும் பெயிண்ட் வித்தியாசம் தெரியாது. நீங்கள் வரும்வரை என்ஜினைக் கிளப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த என்ஜின் பொய் சொல்லாது. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. ஆயில் மூடியின் அடியில் காபி நிறத்தில் கூழ் படிந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

கதவிடுக்குகள் இரண்டு பக்கமும் ஒரே அகலமா என்று பாருங்கள். சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவுகளில் வைத்துப் பாருங்கள். பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. பானெட், ஃபெண்டர் போல்ட்டுகளில் ஸ்பானர் தடம் இருந்தால் ஏன் கழற்றினார்கள் என்று கேளுங்கள்.

வெள்ளத்தில் நின்ற கார்தான் மிகப் பெரிய ஆபத்து. 2005-இல் மும்பையிலும், 2015, 2023-இல் சென்னையிலும் ஏராளமான கார்கள் மூழ்கின. அப்படிப்பட்ட வண்டி கழுவிக் காயவைக்கப்பட்டு வேறு ஊரில் விற்பனைக்கு நிற்கக்கூடும். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். கறைக் கோடு தெரியலாம். கார்ப்பெட்டைத் தூக்குங்கள். சீட்டுக்கு அடியிலுள்ள தண்டவாளத்தில் வண்டல், போல்ட்டுகளில் துரு, எவ்வளவு செண்ட் அடித்தும் போகாத புழுங்கல் வாடை: இவற்றில் இரண்டு இருந்தாலே கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம்.

கிலோமீட்டர் மீட்டரை நம்ப வேண்டாம். அதைத் திருத்துவது பெரிய வித்தை இல்லை. பெடல் ரப்பரும் ஸ்டீயரிங் வழவழப்பும் ஓட்டுநர் சீட்டின் அமுங்கலும் உண்மையைச் சொல்லும். டயரின் பக்கவாட்டில் 4 இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1521 என்றால் 2021-இன் 15-வது வாரம். இருபதாயிரம்தான் ஓடியது என்று சொல்லப்படும் காரில் நான்கு டயரும் மாறியிருந்தால் காரணம் கேளுங்கள். கடைசியாக, உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். விற்பவர் சிபாரிசு செய்யும் மெக்கானிக் வேண்டாம்.

பதிவேட்டில் யார் பெயர்?

இவ்வளவும் சரியாக இருந்து, காகிதம் சரியில்லாமல் சிக்குகிற குடும்பங்கள் உண்டு. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் பதிவு எண்ணைக் கொடுத்தால் வண்டியின் பதிவு நாள், இன்ஷூரன்ஸ், கடன் அடமானம் ஆகியவற்றைப் பார்க்கலாம். போக்குவரத்து அபராதம் பாக்கியா என்பதும் இணையத்திலேயே தெரியும். ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருந்தால், கடன் அடைந்துவிட்டது என்ற வாய்ச்சொல் போதாது. வங்கியின் சான்றும், அதை நீக்கும் 35-ஆம் எண் படிவமும் வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30 எண் படிவங்கள். வெளி மாநிலம் என்றால் 28-ஆம் எண்ணும் உண்டு.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன், என் வேலை முடிந்தது என்று நினைப்பது விற்பவரின் வழக்கம். பெயரை மெதுவாக மாற்றிக்கொள்ளலாம் என்பது வாங்குகிறவரின் வழக்கம். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இரண்டு பேரையும் உலுக்க வேண்டும். 2009-இல் ஒரு கார் விபத்துக்குள்ளானது. அதற்கு முன்பே அது பல கை மாறியிருந்தது. பதிவேட்டில் மட்டும் முதலில் விற்றவரின் பெயரே நின்றது. கடைசியாக வைத்திருந்தவர்தான் பொறுப்பு என்றது உயர் நீதிமன்றம். உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பதிவேட்டில் யார் பெயரோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. விற்றுப் பல காலம் ஆன பிறகும், யாரோ ஓட்டிய காருக்கு விற்றவர் பணம் கட்ட வேண்டிய நிலை!

வாங்குகிறவருக்கு இன்ஷூரன்ஸில் ஆபத்து. பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு வண்டியோடு வந்துவிடும். உங்கள் காருக்கே சேதம் வந்தால், பாலிசி உங்கள் பெயரில் இல்லாத பட்சத்தில் கம்பெனி கையை விரித்துவிடலாம். 14 நாட்களுக்குள் மாற்ற விண்ணப்பியுங்கள். விற்றவர் சேர்த்துவைத்த, உச்சபட்சம் 50 சதவீதம் வரையான நோ கிளெய்ம் போனஸ் அவருக்குச் சொந்தம், காருக்கு இல்லை. அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டிவரும்.

விலை பேசும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 2025 செப்டம்பர் 22-இல் சிறிய புதுக் கார்களின் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. விற்பவர் தான் வாங்கிய பழைய பில்லைக் காட்டிப் பேசுவார். நீங்கள் இன்றைய ஷோரூம் விலையிலிருந்து இறங்கி வாருங்கள். வாங்கிய கையோடு டயர், பேட்டரி, ஆயில், பிரேக் என்று ஆகும் செலவையும் விலையில் சேர்த்தே பாருங்கள்.

முடிந்தால் விற்பவரின் வீட்டுக்கே போய்க் காரைப் பாருங்கள். ஏன் விற்கிறீர்கள், எங்கே சர்வீஸ் செய்தீர்கள் என்று கேளுங்கள். நல்ல உரிமையாளர் பேசுவதற்கு முன்பே உள்ளே போய் ஒரு பழைய ஃபைலை எடுத்து வருவார். சர்வீஸ் பில்கள் தேதிவாரியாக இருக்கும். ஐயாயிரம் பத்தாயிரம் அதிகம் கேட்டாலும் அந்தக் காரை வாங்குங்கள். ஃபைலையும் கேட்டு வாங்கிக்கொண்டு, உங்கள் பில்களையும் அதிலேயே சேர்த்துவாருங்கள். ஐந்தாறு வருடம் கழித்து உங்கள் காரைப் பார்க்க வருகிறவரும் அதைத்தான் கேட்பார்.